மாடிக்கு எந்தத் தக்காளி? 9 இஞ்ச் பையில அடங்குற ரகம் வேணும்

தாழ்வாரம் (திருப்பூர்), 18 ஜூன் 2023

செர்ரித் தக்காளி கோலிக்குண்டு அளவுதான். அப்போ செடியும் சின்னதாத்தான் இருக்கும், 9 இஞ்ச் பையே போதும்னு நினைக்கறேன். சும்மா கெடக்குற பை பத்து இருக்குது. சூப்பர் மார்க்கெட் டப்பாவுல வர்ற செர்ரிப் பழத்துல விதை எடுத்து ஆடிப்பட்டத்துக்குப் போட்டரலாமுங்களா? இல்ல நாட்டுத் தக்காளியா?

களத்துமேடு (கிணத்துக்கடவு), 18 ஜூன்

பழத்தோட அளவுக்கும் செடியோட அளவுக்கும் சம்பந்தமே இல்லீங்க. டப்பாவுல வர்றது பெரும்பாலும் பசுமைக்குடில்ல கயிறு கட்டி மேல ஏத்தி வளர்க்குற வீரிய ஒட்டு ரகம். அது நிக்காது, போயிட்டே இருக்கும். மாடியில விட்டா 7 அடி, 8 அடி சாதாரணமாப் போகும். 9 இஞ்ச் பையில வெச்சா மத்தியானம் ரெண்டு மணிக்கெல்லாம் தலை தொங்கிரும். போதாக்குறைக்கு ஒட்டுரகத்து விதை ஒரே மாதிரி வராது. பத்துச் செடி போட்டா பத்தும் ஒவ்வொரு மாதிரி நிக்கும்.

பாக்கெட்ல பழப் படத்தைப் பார்க்காதீங்க. செடி எப்படி வளரும்னு எழுதியிருக்கான்னு பாருங்க. மூணு வகைதான்.

நிக்காத கொடி: ரெண்டு பூங்கொத்துக்கு நடுவுல மூணு இலை, அப்புறம் கொத்து, மறுபடி மூணு இலைன்னு முடிவில்லாமப் போகும். செர்ரி ரகம் முக்காவாசி இதுதான்.

வளர்ச்சி தானா நின்னுக்கற செடி: கொத்துக்கு நடுவுல ரெண்டு இலை, ஒரு இலைன்னு கொறைஞ்சு கடைசியில நுனியே பூங்கொத்தா முடிஞ்சிரும். பிகேஎம் 1, கோ 3, ரோமா எல்லாம் இந்த ஜாதி.

குட்டை: இது தனி. கணு நெருக்கமா இருக்கும், தண்டு தடியா இருக்கும், இலை கரும்பச்சையா சுருக்கம் விழுந்து நிக்கும். மைக்ரோ டாம், டைனி டிம், ரெட் ராபின் இதுல வரும்.

உங்க 9 இஞ்ச் பைக்கு மூணாவது வகை மட்டும்தான்.

தாழ்வாரம், 19 ஜூன்

9 இஞ்ச்சுக்கும் 12 இஞ்ச்சுக்கும் மூணு இஞ்ச்தானே வித்தியாசம்?

களத்துமேடு, 19 ஜூன்

அகலமும் ஒசரமும் சேர்ந்து கூடுதுங்க. 9க்கு 9 உருண்டைப் பை ஏறக்குறைய 9 லிட்டர். 12க்கு 12 பை 22 லிட்டர். 15க்கு 15 பை 43 லிட்டர். 6 இஞ்ச் தொட்டி மூணு லிட்டர் கூட வராது. மேல ரெண்டு இஞ்ச் விட்டுத்தான் நெறைப்பீங்க, அதனால இன்னும் கொறைச்சே கணக்குப் போடுங்க.

மைக்ரோ டாம் 15ல இருந்து 20 சென்டிமீட்டர், 6 இஞ்ச் தொட்டி போதும். ரெட் ராபின் ஒரு அடிக்குள்ள, 6 இல்ல 8 இஞ்ச். டைனி டிம் ஒன்னேகால் அடி வரைக்கும் போகும், அதுக்கு உங்க 9 இஞ்ச் சரி. பிகேஎம் 1க்கு 12 இஞ்ச், பைக்கு ஒரே செடி. ரெண்டு வெச்சா ரெண்டும் கெட்டுரும். ஒட்டுரகக் கொடிக்கு 15 இஞ்ச்சும் கொஞ்சம் பத்தாமத்தான் இருக்கும்.

புங்கமரம் (பொள்ளாச்சி), 20 ஜூன்

மைக்ரோ டாமைச் சாப்பிடறதுக்குன்னு சிபாரிசு பண்ணாதீங்க. ஃபுளோரிடா பல்கலைக்கழகம் 1989ல வெளியிட்டதே அழகுக்குத் தொட்டியில வெக்கறதுக்காக. சீக்கிரம் காய்ச்சு முடியுது, எடமும் அடைக்கறதில்லைன்னு இப்போ ஆய்வுக்கூடத்துல சோதனைச் செடியா ஓடுது. ருசி சுமார்தான். ஒரு செடிக்குக் கால் கிலோ வந்தாப் பெரிசு. டைனி டிம் பழைய ரகம், அமெரிக்காவுல நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகம் 1945ல விட்டது. அது பரவால்ல, புளிப்பும் இருக்குது. ரசத்துக்குத் தக்காளி வேணும்னா இந்தக் குட்டைகளை நம்பி அடுப்பைப் பத்த வெக்க முடியாது. பசங்க பறிச்சு வாயில போட்டுக்கறதோட சரி.

வடக்குவாசல் (ஈரோடு), 20 ஜூன்

அத்தனை சின்னப் பழந்தான் வேணும்னா சுக்குட்டிச் செடி (மணத்தக்காளி) போட்டுட்டுப் போலாமே. 6 இஞ்ச் தொட்டி, கீரைக்குக் கீரை, வத்தலுக்கு வத்தல். விதைகூட வாங்க வேண்டாம், காக்கா போட்டுட்டுப் போயிரும்.

களத்துமேடு, 20 ஜூன்

போடுங்க அக்கா, ஆனா தக்காளிப் பைக்குப் பக்கத்துல வேண்டாம். ரெண்டும் ஒரே குடும்பம். வெள்ளை ஈ சுக்குட்டியில தங்கி, அங்கிருந்து தக்காளிக்கு வரும். மாடியில இந்த மூலைக்கு ஒண்ணு, அந்த மூலைக்கு ஒண்ணு.

வடக்குவாசல், 21 ஜூன்

தாழ்வாரம், நீங்க கோ 3 கேட்டு வாங்குங்க. மருதம்னும் பேரு. கோ 1 ரகத்துல இருந்து திடீர் மாற்றத்துல எடுத்தது, நல்லா அடக்கமா நிக்கும். பிகேஎம் 1 மாதிரியே அதுவும் கோயமுத்தூர்ல வந்ததுதான்.

புங்கமரம், 21 ஜூன்

பிகேஎம் பெரியகுளமுங்க. அங்க இருக்கற தோட்டக்கலைக் கல்லூரியில அன்னஞ்சி உள்ளூர் ரகத்துல இருந்து எடுத்தாங்க. கோ மட்டும்தான் நம்மூரு.

கடையில கோ 3ன்னு கேட்டா வேளாண் பல்கலையோட வீரிய ஒட்டு கோ 3 பாக்கெட்டை எடுத்துக் குடுத்துருவாங்க. அது வேற செடி, இதைவிட உயரமாப் போகும், குச்சியில்லாம நிக்காது. பாக்கெட்ல ஒட்டுரகம்னு இருந்தாத் திருப்பிக் குடுத்துருங்க. பழைய மருதம் விதை எல்லாக் கடையிலயும் இருக்காது. பிகேஎம் 1 எந்த ஊர் விதைக்கடையிலயும் இருக்கும், அதனால பேச்சு கடைசியில அதுலயேதான் வந்து நிக்கும்.

தாழ்வாரம், 22 ஜூன்

ஆர்கா ரக்ஷக் நோய் வராதுன்னு சொல்றாங்களே?

களத்துமேடு, 22 ஜூன்

பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்து ஒட்டுரகம். இலைச்சுருட்டு வைரஸ், பாக்டீரியா வாடல், முன்பருவ இலைக்கருகல், இந்த மூணையும் தாங்கும். மத்ததுக்கெல்லாம் தாங்கும்னு அர்த்தமில்ல. இலைப்பேன் கொண்டு வர்ற வாடல் வைரஸ் அதையும் அடிக்கும். பழம் 90, 100 கிராம், கெட்டித் தோலு, கடைக்கு ஆப்பிள் தக்காளின்னு வர்ற ஜாதி. செடி நடுத்தரத்துக்கு மேல. 15 இஞ்ச் பையும், நாலடிக் குச்சியும், வெயிலும் இருந்தா மாடியிலயும் வெக்கலாம். 12ல வெச்சு அடக்கமா இருக்கும்னு எதிர்பார்க்காதீங்க.

எப்படித் தேர்ந்தெடுக்கறதுன்னா, போன வருசம் உங்க மாடியில தக்காளி இலை மேல்பக்கமா கிண்ணம் மாதிரி சுருண்டு, செடி வளராம நின்னுருந்தா இலைச்சுருட்டு அங்க வந்தாச்சு. அப்போ அடக்கத்தை விட்டுட்டு ரக்ஷக். அந்தத் தொந்தரவே இல்லைன்னா பிகேஎம் 1 போதும்.

புங்கமரம், 22 ஜூன்

இதோட ஒண்ணு சேர்த்துக்கறேன். ரகத்தை மாத்தறதைவிட நாத்தைக் காப்பாத்தறது முக்கியம். வெள்ளை ஈ சின்ன நாத்துலயே வைரஸை ஏத்திட்டா அப்புறம் எந்த மருந்தும் கேக்காது. பிடுங்கிப் பையில கட்டிப் போட்டற வேண்டியதுதான். முளைச்சதுல இருந்து 25, 30 நாள் மூடி வெக்கணும். கொசுவலை ஆகாது, அதோட கண்ணுல வெள்ளை ஈ தாராளமாப் பூந்து போகும். 40 மெஷ் (இஞ்ச்சுக்கு 40 கண்ணு) நைலான் வலை வேணும். இல்லைன்னா பழைய மல்லு வேட்டியை நாலு குச்சிமேல கூடாரம் மாதிரிப் போட்டுக் கீழ்ப்பக்கம் செங்கல் வெச்சிருங்க. வெளிச்சமும் போகும், காத்தும் போகும்.

தாழ்வாரம், 25 ஜூன்

பிகேஎம் 1 வாங்கியாச்சு. டைனி டிம் தபால்ல வருது. மண்ணு எப்படிக் கலக்கறது? எங்க போர் தண்ணி உப்பு. சோப்பே நுரைக்காது.

களத்துமேடு, 26 ஜூன்

உப்புத்தண்ணின்னு முன்னாடியே சொல்லியிருந்தீங்கன்னா அதுல இருந்தே ஆரம்பிச்சிருக்கலாம்.

12 இஞ்ச் பைக்கு: செம்மண் 7 லிட்டர், ஊறின தென்னை நார்க்கழிவு 7 லிட்டர், மக்கின எரு இல்ல மண்புழு உரம் 6 லிட்டர், வேப்பம்புண்ணாக்கு 50 கிராம். ஆட்டுப்புழுக்கையைப் பச்சையாப் போடாதீங்க, கொதிச்சு வேரை வேகவெச்சிரும். மூணு நாலு மாசம் மக்கணும். டைனி டிம்முக்குச் செம்மண்ணைக் கொறைச்சு நார்க்கழிவைக் கூட்டுங்க. சின்னப் பையில மண்ணு எச்சா இருந்தா இறுகிரும்.

நார்க்கழிவுக் கட்டி 5 கிலோ ஊறினா 60 லிட்டருக்கு மேல வரும். அதைக் கழுவாமப் போடறது இந்தப் பக்கத்துல நெறைய நடக்குது. அதுல சோடியமும் பொட்டாசியமும் ஒட்டியிருக்கும், செடிக்குச் சுண்ணாம்புச் சத்து போக விடாது. நல்லதண்ணியில ஊறவெச்சுப் பிழிஞ்சு கொட்டுங்க. காப்பி நிறம் வெளுக்கற வரைக்கும், ஒரு மூணு தடவை. உங்க போர் தண்ணியில கழுவினா ஒரு உப்பை எடுத்து இன்னொரு உப்பைப் போடறதுதான்.

சாம்பல் போடவே வேண்டாம். உங்க தண்ணி ஏற்கெனவே காரம், சாம்பல் இன்னும் ஏத்தும். ஆர்.ஓ. மெஷின்ல வெளியேத்தற கழிவுத் தண்ணியும் வேண்டாம். ஏ.சி.யில சொட்டற தண்ணி, மழைத்தண்ணி கெடைச்சாப் பிடிச்சு வெச்சு போர் தண்ணியோட பாதிக்குப் பாதி கலந்து ஊத்துங்க. வாரத்துக்கு ஒருக்கா அடித்துளையில தண்ணி ஓடுற வரைக்கும் நல்லதண்ணி விட்டு உப்பை எறக்கிருங்க. இதுல ஒரு நன்மையும் இருக்குது: லேசான உப்புத்தண்ணியில பழம் கொஞ்சம் சிறுத்தாலும் இனிப்பு கூடும். அதுக்குன்னு உப்பை அள்ளிப் போட்றாதீங்க.

வடக்குவாசல், 26 ஜூன்

பஞ்சகவ்யா எங்க பக்கத்துச் சரக்குங்க, கொடுமுடி டாக்டர் நடராஜன் பரப்பினது. 3 சதவீதம், லிட்டருக்கு 30 மில்லி, 15 நாளைக்கு ஒருக்கா. வடிகட்டாம ஸ்ப்ரேயர்ல ஊத்தினா மூக்கு அடைச்சுக்கும்.

களத்துமேடு, 27 ஜூன்

தெளிக்கலாம். ஆனா அதோட கடலைப்புண்ணாக்கு ஊறல், மீன் அமிலம்னு எல்லாத்தையும் சேர்த்து ஊத்தாதீங்க. தழைச்சத்து ஏறினாப் பிகேஎம் 1 கூட புதராப் போயிட்டு பூவே வைக்காது.

களத்துமேடு, 16 ஜூலை

நாளைக்கு ஆடி பொறக்குது. நாத்து மூணு இலை வந்திருக்கும். இப்போவே ரகம் சரியான்னு பாத்துக்கலாம். டைனி டிம் பாக்கெட்ல வந்தது நெசமாவே குட்டையா இருந்தா, விதையிலைக்கும் முதல் நெச இலைக்கும் நடுவுல இடைவெளி பிகேஎம்ல பாதிகூட இருக்காது. இலை மொட மொடன்னு, மேல சுருக்கமா, கரும்பச்சையா நிக்கும். தட்டுல ஒண்ணு ரெண்டு மட்டும் வெளிர் பச்சையா நெடுநெடுன்னு போச்சுன்னா அது கலப்பு. அதை 9 இஞ்ச்சுல வெக்காதீங்க.

குட்டை ரகம் முதல் மாசம் அசையவே அசையாது. நோவு வந்திருச்சுன்னு உரத்தை ஊத்திக் கொன்னுருவாங்க. சும்மா விடுங்க. பிகேஎம் நாத்தை மாத்தி நடறப்போ கீழ் இலை ரெண்டைக் கிள்ளிட்டுத் தண்டை ரெண்டு இஞ்ச் ஆழமாப் பொதைங்க, அதுலயும் வேர் விடும். குட்டைக்கு அது வேண்டாம், பொதைக்கறதுக்குத் தண்டே இருக்காது.

தாழ்வாரம், 2 ஆகஸ்ட்

காத்து தாங்கல. ரெண்டு பிகேஎம் செடி அடியில நெளிஞ்சு போச்சு. நின்னுக்கற ரகத்துக்குக் குச்சி வேண்டாம்னு எங்கயோ படிச்சேன்.

புங்கமரம், 2 ஆகஸ்ட்

அது காட்டுல, வயல்ல நடறதுக்கு. செடிக்குச் செடி ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்சு நிக்கும், காயும் தரையில கெடக்கும். மாடியில பை தனியா நிக்குது. பாலக்காட்டுக் கணவாய்ல வர்ற காத்து நம்ம பக்கம் நேரா அடிக்குது. பல்லடம், உடுமலைப் பக்கம் காத்தாடி நட்டிருக்கறதே அதுக்குத்தானே. மூணடி மூங்கில் குச்சி மூணு, பை ஓரத்துல முக்கோணமா நட்டு மேல ஒண்ணாக் கட்டுங்க. செடியைக் குச்சியோட கட்டறதுக்குப் பிளாஸ்டிக் கயிறு வேண்டாம், தண்டை அறுக்கும். நீங்க திருப்பூர்க்காரரு, பனியன் கட்டிங் துணிக்கா பஞ்சம்? விரல் அகலத்துக்குக் கிழிச்சு, தண்டைச் சுத்தி எட்டு மாதிரி முறுக்கிக் குச்சியில முடிச்சுப் போடுங்க. இழுத்தா நீளும், தண்டு தடிக்கறப்போ எடம் குடுக்கும்.

பையை மேற்குச் சுவரோட கைப்பிடிக்குக் கீழ நகர்த்துங்க. நெளிஞ்சதையும் நிமிர்த்திக் கட்டினாப் பொழைக்கும், மடிஞ்ச எடம் வரைக்கும் மண்ணை அணைச்சு விடுங்க.

வடக்குவாசல், 3 ஆகஸ்ட்

இலைக் கக்கத்துல வர்ற கிளையெல்லாம் கிள்ளோணுமா?

களத்துமேடு, 3 ஆகஸ்ட்

பிகேஎம் 1லயும் குட்டையிலயும் கிள்ளக்கூடாது. நுனி நின்னுக்கற செடியில காய்ப்பே அந்தப் பக்கக்கிளையிலதான். கிள்ளினாப் பாதிக் காய் போச்சு. முதல் கொத்துக்குக் கீழ, மண்ணை உரசற இலையை மட்டும் எடுங்க. கிள்ளறது நிக்காத கொடிக்கு.

தாழ்வாரம், 14 செப்டம்பர்

பிகேஎம் காய் புடிச்சிருச்சு. ஆனா அடியில கறுப்பா, தோல் மாதிரி அமுங்கிப் போகுது. டைனி டிம்ல ஒண்ணுகூட இல்ல. பூச்சியா?

களத்துமேடு, 14 செப்டம்பர்

பூச்சியில்ல, மருந்து அடிக்காதீங்க. சுண்ணாம்புச் சத்து காயோட அடி வரைக்கும் போகாததுனால வர்றது. மண்ணுல சுண்ணாம்பு இல்லாம இல்ல, உங்க தண்ணியிலயே ஏகமா இருக்குது. அதைத் தூக்கிட்டுப் போறது தண்ணி. ஒரு நாள் காஞ்சு ஒரு நாள் மூழ்கினா, அந்த ஓட்டம் அறுந்திரும். உப்பும் தழைச்சத்தும் எச்சா இருந்தா இன்னும் மோசம். நீள வாட்டமான ரோமா மாதிரி ரகத்துக்கு இது அதிகம், உருண்டைக்குக் கொஞ்சம் கம்மி, செர்ரி அளவுப் பழத்துக்கு வர்றதே அபூர்வம். அதனாலதான் டைனி டிம் தப்பிச்சுது. உப்புத்தண்ணி வீட்டுக்குச் சின்னப் பழம் சௌகரியம்னு சொல்றதுக்கு இது ஒரு காரணம்.

கறுத்த காயைப் பறிச்சு எறிஞ்சிருங்க. காலையில ஒரு லிட்டர், சாயங்காலம் அரை லிட்டர்னு பிரிச்சு ஊத்துங்க. பை மேல தென்னை மட்டைத் தூளோ காஞ்ச சருகோ ரெண்டு இஞ்ச் போர்த்துங்க. முட்டை ஓட்டுத் தூள் போட்டா நாளைக்கே சரியாயிரும்னு வாட்சப்ல வரும். அது மக்கி வர்றதுக்குள்ள செடி ஆயுசு முடிஞ்சிரும்.

வடக்குவாசல், 9 அக்டோபர்

பிகேஎம் பழம் அடி செவந்துருச்சு, காம்புப் பக்கம் பச்சையாவே நிக்குது. இன்னும் விடோணுமா?

புங்கமரம், 9 அக்டோபர்

அந்த ரகத்துக்கே தோள் பச்சைதான். மேல செவக்கட்டும்னு காத்திருந்தாக் கீழ அழுகும். அரிசிம்பருப்புச் சோத்துக்கு அந்தப் புளிப்பு எடுப்பா இருக்கும். ஆப்பிள் தக்காளி போட்டா வெறும் கலர்தான்.

புங்கமரம், 24 அக்டோபர்

ஐப்பசி மழை இறங்கறதுக்கு முன்னாடி ஒண்ணு. செர்ரி, குட்டை ரகமெல்லாம் தோல் மெல்லிசு. காஞ்ச பையில திடீர்னு மழை ஊறினாப் பழம் வெடிச்சிரும். வானம் கறுத்தா, நெறம் திரும்பின பழத்தையெல்லாம் பறிச்சு உள்ள வெச்சிருங்க. லேசா மஞ்சள் ஏறினாவே போதும், சமையக்கட்டுல தானாப் பழுக்கும். பிரிட்ஜ்ல வெக்காதீங்க, ருசி போயிரும்.

தாழ்வாரம், 6 ஏப்ரல் 2024

கார்த்திகையில போட்ட ரெண்டாவது பிகேஎம் நல்லாக் காய்ச்சுது. இப்போ பூ பூராக் கொட்டுது. டைனி டிம்ல ஒண்ணு ரெண்டு நிக்குது. வந்த பழமும் ஆரஞ்சாவே நிக்குது, செவக்க மாட்டேங்குது.

களத்துமேடு, 6 ஏப்ரல்

வெயில்தான். பகல்ல 35க்கு மேல போயி, ராத்திரியும் 24க்குக் கீழ எறங்கலைன்னா மகரந்தம் செத்துரும். பூ இருக்கும், காய் நிக்காது. சின்னப் பழ ரகங்கள் இதுல கொஞ்சம் தாக்குப் புடிக்கும், பெரிய பழம் முதல்ல கொட்டும். நெறம் வராததும் அதே சூட்டுனாலதான். 30 டிகிரிக்கு மேல போனாச் சிவப்புச் சாயம் உண்டாகறது மட்டுப்படும், மஞ்சள் மட்டும் தங்கும். பறிச்சு வீட்டுக்குள்ள நெழல்ல வைங்க, ஓரளவு செவக்கும்.

50 சதவீத நிழல்வலை, பன்னெண்டு மணியில இருந்து நாலு மணி வரைக்கும் மட்டும் விழற மாதிரி மேற்குப் பக்கமா சாய்ச்சுக் கட்டுங்க. நாள் பூரா மூடினா வெளிச்சம் பத்தாமப் பூவே வராது. காலையில ஏழு, எட்டு மணிக்குப் பூங்கொத்தோட காம்பை விரலால சுண்டி விடுங்க. மகரந்தம் உதிர்ற நேரம் அது.

வடக்குவாசல், 7 ஏப்ரல்

ஈரோட்டு வெயிலுக்கு நிழல்வலையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். பிடுங்கிப் போட்டுட்டு மே முடியற வரைக்கும் கடையில வாங்கிக்கறதுதான் புத்தி. ஒரு செடிக்கு நாளைக்கு மூணு லிட்டர் ஊத்தறோம், அந்தத் தண்ணிக்கு எட்டுப் பழமாவது வரோணுமல்ல.

களத்துமேடு, 7 ஏப்ரல்

ஈரோட்டுக்கு அக்கா சொல்றது சரி. திருப்பூர்லயும் பிகேஎம்மை எடுத்துரலாம், டைனி டிம்மை மட்டும் நெழலுக்கு நகர்த்தி வெச்சுப் பாருங்க. அது ஒட்டுரகமில்ல, விதை எடுத்தா அதே மாதிரி வரும். நல்லாப் பழுத்ததைப் பிழிஞ்சு, கொழகொழப்போட ரெண்டு நாள் டம்ளர்ல புளிக்க விட்டு, அலசி, காகிதத்துல இல்லாம தட்டுல நெழல்காய்ச்சலாக் காய வைங்க. காகிதத்துல ஒட்டிக்கும்.

தாழ்வாரம், 8 ஏப்ரல்

எடுத்த பையில ஆனியில மறுபடி தக்காளியே போடலாமுங்களா?

புங்கமரம், 8 ஏப்ரல்

வேண்டாமுங்க. தக்காளி, கத்திரி, மொளகா, சுக்குட்டி நாலும் அதே பைக்கு அடுத்த பட்டத்துல வரக்கூடாது. வேரோட பிடுங்கி, மண்ணைத் தார்பாய்ல கொட்டிப் பத்துநாள் வெயில்ல காயவிட்டு, நல்லதண்ணியில ஒருக்கா உப்பை எறக்கி, கால்வாசி புது எரு கலந்து அரைக்கீரையோ கொத்தவரையோ போடுங்க. தக்காளிக்கு, முன்னாடி கீரை போட்டிருந்த வேற பையை எடுத்துக்கங்க.